கை பழகிய இடம்

ஆறுச்சாமி எதையும் ஒரு தடவைதான் சொல்வார். கல்யாணமான புதிதில் பழனாத்தாள், "ஏனுங்க, என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். பதில் வராது. மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். காதில் வாங்காதது கேட்டவள் குற்றமே தவிர, சொன்னவர் குற்றம் ஆகுமா? நாளடைவில் அவள் கேட்பதை விட்டாள். அவர் சொன்னது பாதி, தானே ஊகித்தது பாதி என்று குடும்பம் நடத்தப் பழகிக்கொண்டாள். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அவர்களுக்கு ஒரு தென்னந்தோப்பு, கொஞ்சம் வயல், ஒரே மகன் சந்துரு. சந்துரு விமானப்படையில் போர் விமானம் ஓட்டினான்.

ஓட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது அவன் தோப்புக்குள் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நடக்கிறான். சேர்ந்தாற்போல் அரைமணி நேரம் உட்கார்ந்தால் முதுகு கேட்காது. விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியே எகிறி விழுந்ததில் முதுகெலும்பு அமுங்கிப்போனது. அதை ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். மற்றதைப் பார்க்க ஆஸ்பத்திரி இல்லை.

அந்த விமானத்துக்கு இரண்டு எஞ்சின். மேலே கிளம்பிய சற்று நேரத்தில் வலது எஞ்சினில் தீப்பிடித்தது. தீப்பிடித்த எஞ்சினுக்கு எண்ணெய் போகாமல் நிறுத்திவிட்டு, நல்ல எஞ்சினை வைத்துக்கொண்டு திரும்பி வந்து இறங்கிவிடலாம். அதற்குத்தான் பயிற்சி. சந்துரு எண்ணெயை நிறுத்தினான். நிறுத்தியது நல்ல எஞ்சினுக்கு. பின் இருக்கையில் அவனைவிட இளைய விமானி ஒருவன் இருந்தான். இரண்டு பேரும் எகிறினார்கள். சந்துருவின் பாராசூட் விரிந்தது. இளையவனுடையது விரிவதற்குள் தரை வந்துவிட்டது.

விசாரணை நடந்தது. விமானியின் தவறு என்று முடித்தார்கள்.

நடக்க முடிந்ததும் சந்துரு செய்த முதல் காரியம், வடக்கே இருந்த அந்தப் பையனின் வீட்டுக்குப் போனதுதான். போக வேண்டாம் என்று எல்லாரும் தடுத்தார்கள். பையனின் அம்மா அவனைத் திட்டவில்லை, அழவும் இல்லை. எந்தக் கை என்று மட்டும் கேட்டாள். அவன் இடது கையை நீட்டினான். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. இதை அவன் பழனாத்தாளிடம் மட்டும் சொன்னான். பெற்றவள் அதைக் கேட்டுவிட்டு எப்படி அடுப்படிக்குப் போய் உலை வைத்தாளோ, அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்த புதிதில், கை எப்படித் தவறியது என்பதை அவன் யாரிடமும் பேசவில்லை. ஆறுச்சாமியும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்கிற பயம். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது பழனாத்தாள் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தாள். சந்துரு அவற்றையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒன்றை முன்னால் நகர்த்தினான், ஒன்றைப் பின்னால் நகர்த்தினான்.

அவன் முன்பு ஓட்டிய விமானத்தில் எண்ணெயை நிறுத்தும் இரண்டு சுவிட்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. முன்னால் இருப்பது வலது எஞ்சினுக்கு, பின்னால் இருப்பது இடதுக்கு. புதிதாக மாற்றிக் கொடுத்த விமானத்திலும் அதே இரண்டு சுவிட்ச், அதே சிவப்பு மூடி, இடது கையை நீட்டினால் அதே தூரம். ஆனால் முன்னால் இருப்பது இடதுக்கு, பின்னால் இருப்பது வலதுக்கு. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து அப்படி வரைந்துவிட்டார். மாறியிருக்கிறது என்று ஒரு நாள் வகுப்பில் சொன்னார்கள். சந்துருவும் கேட்டுக்கொண்டான். கேட்டுக்கொண்டதைப் பரீட்சையிலும் சரியாகச் சொன்னான்.

"கண்ணு பாத்துதுங்கப்பா. புத்தியும் வலதுன்னுதான் சொல்லுச்சு. கை மட்டும் பழைய விமானத்துல இருந்துது."

ஆறுச்சாமி சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அதுவரைக்கும் அவருக்குள்ளும், வெளியே சொல்லாவிட்டாலும், பையன் அசந்துவிட்டான் என்ற எண்ணம் இருந்தது. இப்போது உடம்பெல்லாம் தீயாக எரிந்தது.

"அப்பறமென்ன, வெச்சவன் தப்பு" என்றார். "ஒரே மாதிரி ரண்ட எடம் மாத்தி வெச்சுப்போட்டு, ஒரு நாள் சொன்னாப் போதுமா? கை என்ன பள்ளிக்கூடத்துக்கா போவுது?"

அன்றிலிருந்து இதுவே அவருக்குப் பேச்சாயிற்று. சந்தையில், டீக்கடையில், பொள்ளாச்சி பஸ்ஸில், கல்யாணப் பந்தியில் எல்லாம் இரண்டு டம்ளரோ இரண்டு வெற்றிலையோ கிடைத்தால் போதும், எடுத்து முன்னும் பின்னுமாக வைத்துக் காட்டிவிடுவார். எதையும் ஒரு தடவை சொல்கிற மனிதர் இதை மட்டும் நூறு தடவை சொன்னார். பாலக்காட்டில் பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தார். மொழி தெரியாத டெல்லிக்கும் ஒரு நடை போய்வந்தார். எல்லாரும் மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். முடிந்த விஷயம் என்றார்கள். மாற்றத்தை விமானிகளுக்கு முறைப்படி சொல்லித்தான் இருந்தோம் என்றார்கள். அந்தப் பதிலைக் கேட்டால்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சொன்னார்களாம், சொன்னார்களாம் என்று வீடு வந்து சேரும்வரை முணுமுணுப்பார்.

டெல்லியில் ஒன்றும் அசையவில்லை. வீட்டில் அசைந்தது. அப்பா இப்படி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதை முதலில் வேண்டாம் என்றவன்தான் சந்துரு. ஆனால் தினமும் காதில் விழ விழ, அதில் கொஞ்சம் நிஜம் இருக்குமோ என்று அவனுக்கும் தோன்ற ஆரம்பித்தது. முழுக்கத் தன் மேல் போட்டு அழுத்திக்கொண்டிருந்ததைச் சற்று நகர்த்தி வைத்தான். இரண்டாம் தடவை சோறு கேட்டான். கோயமுத்தூரில் தெரிந்த ஒருவர் கம்பெனியில் வேலைக்கு வரச்சொல்லியிருந்தார், போய்ப் பார்க்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டான். உலகத்தில் ஒரே ஒரு ஆள் அது உன் குற்றம் இல்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் எழுந்து நிற்கப் பார்த்தான். பழனாத்தாளுக்கு அது தெரியும். அதனால்தான் புருஷன் டீக்கடையில் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டு வந்தாலும், அவள் ஒன்றும் சொல்லாமல் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

தோப்பில் மோட்டார் ரூம் ஒன்று உண்டு. இடப்பக்கம் கிணறு, வலப்பக்கம் போர்வெல். உள்ளே சுவரில் இரண்டு ஸ்டார்ட்டர் பெட்டிகள், ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். முதலில் கிணறு மட்டும் இருந்தபோது பெட்டியை வலது ஓரத்தில் மாட்டியிருந்தார்கள். பிறகு போர்வெல் போட்டபோது இடதுபக்கம்தான் சுவர் காலி. ஆக, இடது பெட்டி வலப்பக்கத்துப் போர்வெல்லுக்கு, வலது பெட்டி இடப்பக்கத்துக் கிணற்றுக்கு. பண்ணையத்து ஆள் கருப்புசாமி இளவட்டமாக வந்த காலந்தொட்டு அதை அமுக்கி வருகிறான். கரண்டு போனால் ஸ்டார்ட்டர் தானாக அணைந்துவிடும். வந்ததும் ஓடிப்போய் மறுபடி பச்சையை அமுக்க வேண்டும். வெளி வெயிலிலிருந்து அந்த ஜன்னலில்லாத அறைக்குள் நுழைந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். கருப்புசாமிக்குக் கண் தேவைப்பட்டதில்லை.

இத்தனை காலம் கண்ணில் படாதது, டம்ளர் வைத்துக் காட்டிக் காட்டி ஒரு நாள் ஆறுச்சாமியின் கண்ணில் பட்டது. தன் வீட்டிலேயே அந்த அநியாயம் இருக்கிறதே என்று வெட்கப்பட்டார். சாந்தன்பாறைப் பக்கமிருந்து வந்து இங்கே கடை போட்டிருந்த ஜின்சன் என்ற எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். ஜின்சன் பெட்டிகளைக் கழற்றவில்லை. உள்ளே ஒயர்களை மட்டும் மாற்றினான். இனி இடது பெட்டி இடப்பக்கத்துக் கிணற்றுக்கு, வலது பெட்டி வலப்பக்கத்துப் போர்வெல்லுக்கு. பெயிண்டில் பேர் எழுதிவிடட்டுமா என்று ஜின்சன் கேட்டான். கருப்புசாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, எழுதி யாருக்குக் காட்டுவது, நான் சொல்லிக்கொள்கிறேன் என்று ஆறுச்சாமி சிரித்தார். அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவைச் சந்துரு பார்த்தான். டெல்லிக்காரர்கள் செய்யாததை அப்பா தன் தோட்டத்தில் செய்துவிட்டார் என்று அவனுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

சொல்லவும் செய்தார். மறுநாள் காலை ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டே, வரப்பில் மட்டை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கருப்புசாமியிடம், மோட்டார் ரூமில் ஒயரை மாற்றியிருக்கிறது, இனிமேல் இடது கிணறு, வலது போர் என்று சொல்லிவிட்டுப் போனார். கருப்புசாமி திரும்பாமலே "செரிங்க" என்றான். அவன் எதற்கும் செரிங்க என்றுதான் சொல்வான். சந்துரு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அது நல்ல மழைக் காலம். இரண்டு மோட்டாருக்கும் வேலையில்லை. மழை விட்ட பிறகும், தான் மாற்றியது என்ற பெருமையில் ஆறுச்சாமியே போய் மோட்டாரைப் போட்டு நிறுத்தினார், கருப்புசாமி அந்த அறைப்பக்கம் போகவேண்டி வரவில்லை. கோடை வந்து கிணறு வற்றி, அடியில் சேறு தெரிந்தது. சேற்றை அள்ளக் கருப்புசாமி தன் தங்கை வனிதாவின் புருஷன் சென்னிமலையைக் கூட்டிவந்தான். இந்தப் பக்கத்தில் கிணறு இறங்குகிறவர்களில் அவன் கெட்டிக்காரன். மெயினை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். நிறுத்தினால் போர்வெல்லும் நின்றுவிடும். புதிதாக வைத்த தென்னங்கன்றுகள் வாடிக்கொண்டிருந்தன. போர் ஓடட்டும், கிணற்று மோட்டாரை மட்டும் தொடாதே என்று ஆறுச்சாமி சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போனார். அன்று காலை போர்வெல்லைப் போட்டுவிட்டதும் அவரேதான்.

உச்சி வெயிலில் கரண்டு போனது. கொஞ்ச நேரத்தில் வந்தது. கருப்புசாமி கயிற்றைக் கட்டி வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் மாப்ளே என்று கிணற்றுக்குள் குரல் கொடுத்துவிட்டு, மோட்டார் ரூமுக்கு ஓடினான். போர்வெல்லைப் போட வேண்டும் என்றுதான் அவன் மனசில் இருந்தது. கை போர்வெல் இருந்த இடத்துக்குப் போனது. இடது பச்சையை அமுக்கினான்.

கிணற்று மோட்டாரின் கேபிளில் பழைய ஜாயிண்ட் ஒன்று சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. சென்னிமலை முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தான். சத்தம்கூட வரவில்லை என்று கருப்புசாமி பிறகு சொன்னான். கன்றுகளுக்குத் தண்ணீர் வரவில்லையே என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றானாம். அதன்பிறகுதான் கிணற்றை எட்டிப் பார்த்தான்.

சாவு வீட்டில் வனிதா பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். தூக்கும்போது கருப்புசாமி தோள் கொடுக்க வந்தான். அப்போது மட்டும் எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கையில எங்கூட்டுக்காரரத் தொடாதண்ணா" என்றாள்.

கருப்புசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றான். கூட்டத்தில் சந்துருவும் நின்றிருந்தான். பழனாத்தாள் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். ஒயரை மாற்றியது யார், ஆளுக்குத் தெரியுமா, யார் சொன்னது. ஆறுச்சாமி போகும்போது உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனார். அப்படி நினைத்துக்கொண்டு படியேறினார் என்று நம்பலாம். உள்ளே அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்கு வேறு எண்ணங்கள் வந்தன. வயசான காலத்தில் கோர்ட்டு வாசல். முதுகொடிந்த பையன். கரண்ட் ஆபீசில் சொல்லாமல் ஒயரை மாற்றியதற்கு என்ன வருமோ. மனிதன் பயந்துவிட்டால் வாய் தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

"சொன்னனுங்க சார். மாத்துன மறுநாளே அவங்கிட்டச் சொல்லிப்போட்டன். செரின்னான். அவன் கைப்பிழைங்க."

எழுதிக்கொண்டார்கள். கருப்புசாமியையும் கேட்டார்கள். முதலாளி சொன்னாரா என்றதற்கு, சொல்லியிருப்பாருங்க, எங்காதுல ஏறல, தப்பு என்னுதுதானுங்க என்றான். கேஸ் அவன் பேரில் ஆனது. ஜாமீனில் வந்தவன் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். வனிதா இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தாள். அண்ணன் வீட்டு வழியே போகாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

சந்துரு அவனைப் போய்ப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முதுகு வலித்தபோதும் எழவில்லை. கடைசியில், அது உன் தப்பு இல்லை என்று சொன்னான். கருப்புசாமி நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பறம் உங்கய்யன் ஏன் ஸ்டேஷன்ல அப்பிடிச் சொல்லலீங்க சாமி" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

சந்துரு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டான். ஸ்கூட்டர் சத்தத்தில், முதுகைக் காட்டி நின்றவனிடம், ஒரு தடவை சொன்னதை, சொன்னேன் என்று எப்படிச் சொன்னீர்கள். ஆறுச்சாமி குரலை உயர்த்தினார். சொன்னது சொன்னதுதானே, பொய்யா சொன்னேன் என்றார். அது வேறு, இது வேறு என்றார். விமானம் எங்கே, மோட்டார் எங்கே என்றார். பேசப் பேச அவருக்கே தன் பேச்சு எங்கோ கேட்டதுபோல் இருந்தது. டெல்லியில் தேநீர் கொடுத்தவர்கள் இதே நிதானத்தில்தான் பேசினார்கள். அதற்காக நிறுத்தவில்லை.

மறுநாள் சந்துரு யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனான். பதினொரு மணி வாக்கில் ஆறுச்சாமிக்குப் போன் வந்தது. எஸ்.ஐ.தான். உங்கள் மகன் வந்திருக்கிறார், கருப்புசாமிக்குச் சரியாகச் சொல்லவில்லை என்கிறார், பேர் எழுத வேண்டாம் என்று நீங்கள் தடுத்ததாகவும் சொல்கிறார், பெட்டி அப்படி இருந்தால் யார் கையும் தவறத்தான் செய்யும் என்கிறார். இதை எழுதினால் கேஸ் உங்கள் பக்கமும் திரும்பும், என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

பழனாத்தாள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். "உள்ளதச் சொல்லீருங்க" என்றாள். ஆறுச்சாமி அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"சார், அவன் பேச்ச எடுத்துக்காதீங்க. பிளேன்ல வுளுந்ததுல இருந்து அவனுக்கு மனசு செரியில்லீங்க. அவன் செஞ்ச தப்ப அவனால தாங்க முடியல. அதனால யாரு தப்புப் பண்ணுனாலும் சுவிச்சு மேல பழி போடறான்."

சரி, புரிகிறது, அவரைப் பத்திரமாக அனுப்பிவைக்கிறேன் என்றார் எஸ்.ஐ. அவர் போனை மேசைமேல் வைத்து, எதிரில் இருப்பவருக்கும் கேட்கும்படிதான் பேசிக்கொண்டிருந்தார். அது ஆறுச்சாமிக்குச் சந்துரு வீடு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பழனாத்தாள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டு, ஆறுச்சாமி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். கோபத்தை எதிர்பார்த்து அவர் தயாராகத்தான் இருந்தார். கோபம் வந்திருந்தால் பிழைத்துப் போயிருப்பார்.

"நீங்க ஒருத்தருதானுங்கப்பா வேற மாதிரி சொல்லிட்டிருந்தீங்க" என்றான் சந்துரு. "நானும் நம்பிப்போட்டேன். உடுங்க. கைப்பிழைன்னே இருக்கட்டும். எங்க ரண்டு பேருக்கும்."

ஆறுச்சாமி எழுந்தார். கண்ணு, என்று ஒரு வார்த்தை வந்தது. சந்துரு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கோயமுத்தூர்க்காரர் அந்த வாரம் மூன்று தடவை போன் செய்தார். அவன் எடுக்கவில்லை.